கிளினிக் வரிசையில் ஒரு தகப்பன்

கடல் கடந்த தாய்மார் – 7

ஒரு தாய் ஏஜென்சியில் கையெழுத்துப் போட்டு விமானம் ஏறும்வரை சென்ற வாரம் பார்த்தோம். அவள் போன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது?

1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன நாலு பேரில் ஏறத்தாழ மூவர் பெண்கள். பெரும்பாலானோர் சவூதியிலும் குவைத்திலும் அமீரகத்திலும் வீட்டுப் பணிப்பெண்கள். உழைத்து அனுப்புகிறவள் மனைவி, ஊரில் இருப்பவர் கணவர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாறின. அடுப்படி மட்டும் அவ்வளவு சுலபமாக மாறவில்லை. அம்மம்மா, சித்தி, அவர்களும் இல்லாவிட்டால் மூத்த மகள் என்று ஒரு பெண் விட்டுப்போன வேலை இன்னொரு பெண்ணின் தலையிலேயே விழுந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே மூத்தவளின் படிப்பு நின்றுபோன வீடுகள் எத்தனையோ.

மாறிய தகப்பன்மாரும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு நிறை பார்க்கும் நாளில், வளர்ச்சி அட்டையைப் பிடித்தபடி தாய்மார் வரிசையில் நிற்கும் மனிதரைப் பாருங்கள். அடுத்த தடுப்பூசி எப்போது, எந்தச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் “அம்மா வரல்லையா?” என்ற கேள்விதான் முதலில் வரும். பெண்சாதி உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்ற பேச்சு வேறு. அனுப்பிய காசைக் குடித்தழித்த கணவனின் கதை ஊரெல்லாம் தெரியும். சோறாக்கி, உடுப்புத் தோய்த்துப் பிள்ளை வளர்த்தவரின் கதையை யாரும் சொல்வதில்லை. அவரும் வெட்கப்பட்டு மறைக்கிறார்.

கடலுக்கு அப்பால் தாய்க்கும் ஓய்வில்லை. முன்பு குரலைக் கசெட்டில் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். இன்று இமோ செயலி இருக்கிறது. இங்கே காலை ஆறரைக்குப் பிள்ளை சப்பாத்து மாட்டும்போது சவூதியில் விடிகாலை நாலு மணி. எசமானி எழும்புமுன் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் சாப்பிட்டாயா, ரியூஷன் காசு கட்டியாச்சா, இருமல் நின்றதா என்று எல்லாம் கேட்டாக வேண்டும். போனைப் பறித்து வைக்கும் வீடுகளில் இதுவும் இல்லை.

பணிப்பெண்ணாகப் போன மூதூர் ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது நாடே துடித்தது. அதே ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது, மூத்த பிள்ளைகள் என்றால் யார் பார்ப்பார்கள் என்று காட்ட வேண்டும். 2022 நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டதும் அந்த ஐந்து, இரண்டாகக் குறைந்தது. கைக்குழந்தையை விட்டுக் கட்டாருக்குப் போன தகப்பனிடம் இந்த அறிக்கையை ஒருநாளும் எவரும் கேட்கவில்லை.

பிள்ளையை யார் பார்ப்பது என்பது நியாயமான கேள்வி. அதைத் தாயிடம் மட்டும் கேட்பதுதான் அநியாயம். தகப்பனிடமும் கேளுங்கள், பொறுப்பெடுத்தவரைக் கிளினிக்கும் பள்ளிக்கூடமும் பாதுகாவலராக மதிக்கட்டும். மூத்த மகள் வகுப்புக்கு வராத நாட்களை அதிபர் கவனிக்கட்டும். தினமும் பிள்ளையோடு பேசும் உரிமை வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. செய்ய மனம்தான் வேண்டும்.

அடுத்த வாரம்: திரும்பி வந்த தாய்மார்

(தொடரும்)