லாச்சியடியில் இருந்து பார்த்தால்

சோனி நிறுவனத்தின் அக்கியோ மொரிட்டா 1963இல் குடும்பத்தோடு நியூயோர்க்கில் குடியேறினார். அமெரிக்கர் வாழ்வதைப் பார்க்காமல் அவர்களுக்குச் சாமான் விற்க ஏலாது என்பது அவரது எண்ணம். 1979இல் அவர் பிடிவாதமாக நின்று சந்தைக்கு விட்டதுதான் வோக்மன். நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம். பதிவு செய்ய முடியாது. (பாட்டுக் கேட்பது பற்றி உலமாக்கள் சொல்வார்கள், நான் வியாபாரத்தைத்தான் சொல்கிறேன்.) முதல் மாதம் சுமார் 3,000தான் விற்றது. டோக்கியோ வீதிகளில் ஆட்களின் காதில் மாட்டி நடக்கவிட்டார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் முதலில் செய்த 30,000 பெட்டிகளும் தீர்ந்தன.

80களில் புறக்கோட்டையில் எங்கள் வாப்பா, "ரெக்கோர்ட் பண்ண ஏலாத சாமான ஆரு தம்பி வாங்குற?" என்று கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினார். சவூதியிலிருந்து லீவில் வந்த பொடியன்மார் அதை மாட்டிக்கொண்டு திரிந்தது லாச்சியடிக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் கண்டார். அந்தப் பெருநாள் வியாபாரம் அவருக்கே போனது.

இப்போது அதே லாச்சியடியில் நான் இருக்கிறேன். வாடிக்கையாளர் வாழும் பக்கம் போய் ஒரு வருடமாவது இருக்கும்.