குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஒரு விரற்கடை

மாத்தளை நாவுலப் பக்கம் மச்சான் வீட்டில் குழாய்க் கிணறு அடித்த அன்று, வளவெல்லாம் மாவு சிந்தியது போல வெள்ளைத் தூசி. கொம்பிரசர் இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் பேசியதே காதில் விழவில்லை. மேல்மண்ணும் உக்கிய பாறையும் முடிந்து கருங்கல் தட்டியதும் துளைக்கும் பிட்டை வெளியே எடுத்தார்கள். பி.வி.சி. குழாயை இறக்கி அந்தக் கல்லில் உட்காரவைத்தார்கள். அதற்குள்ளே சிறிய பிட்டை விட்டு மறுபடி குடைந்தார்கள். பின்னேரம் தண்ணீர் பீறிட்டது.

எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்தோம். குழாய்க்கு வெளியே, துளையின் சுவருக்கும் அதற்கும் நடுவே இருந்த ஒரு விரற்கடை இடைவெளியை ஒருவரும் பார்க்கவில்லை. அதில் சீமெந்துக் குழம்பு ஊற்றியிருக்க வேண்டும். வந்தவர்கள் தோண்டிய மண்ணையே காலால் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். மார்கழி மழை பிடித்ததும் தண்ணீர் கலங்கியது. மாட்டுத் தொழுவ வாடை வேறு. மேலே ஓடிய மழைத் தண்ணீர் குழாயின் முதுகைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கியிருக்கிறது.

மாத்தளைக்கு அடியில் இருப்பது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறை. எண்ணெயும் எரிவாயுவும் தங்குவது படிவுப் பாறையில். ஆகவே இங்கே அவற்றைத் தேடிப் பயனில்லை. ஆனால் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களின் தலைவலியும் இதே விரற்கடைதான்.

தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கித்தான் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்தக் கரைக்கு அப்பால், 1,354 மீற்றர் ஆழக் கடலில், 2011இல் ‘சிக்கியூ’ என்ற ஜப்பானியக் கப்பல் நின்று துளையிட்டது. கெய்ர்ன் நிறுவனத்தின் ‘டொராடோ’ கிணறு அது. மூவாயிரம் மீற்றருக்குக் கீழே சுமார் 25 மீற்றர் தடிப்புக்கு எரிவாயு தென்பட்டது. அடுத்து ‘பரக்குடா’விலும் கிடைத்தது. 2015இல் நிறுவனம் கிளம்பிப் போனது. வாயு இன்னும் அங்கேயே இருக்கிறது.

அத்தனை ஆழத்துக்கு ஒரே குழாய் போதாது. வானொலி அன்ரெனா போல, பெரியதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது. ஒவ்வொன்றின் உள்ளே சீமெந்துக் குழம்பை அழுத்தினால் அது அடியில் திரும்பி வெளிப்பக்கமாக மேலேறும். குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குழம்பு அகலமான வழியிலேயே ஓடிவிடும். ஒடுங்கிய பக்கத்தில், துளையிடும்போது நிரப்பிய சேறு அப்படியே தங்கும். பின்னால் வாயு ஏறி வர அந்தச் சேறே வழி.

மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றில், 2010 ஏப்ரல் 20 அன்று, அடியில் போட்ட சீமெந்து பிடிக்கவில்லை. பிடித்ததா என்று பார்த்த அழுத்தச் சோதனையையும் தப்பாக வாசித்துவிட்டார்கள். வாயு மேலேறி வெடித்ததில் 11 பேர் இறந்தார்கள்; 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. சீமெந்தை ஒலியால் சோதிக்க வந்திருந்த குழுவை அன்று காலைதான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சோதனைக்கு ஆகியிருக்கும் செலவு சுமார் 128,000 டொலர்.

அந்த ஒலிச் சோதனை நமக்குப் புதிதல்ல. கடையில் மண்சட்டியைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதுதான். என்ன, இங்கே கணக்குத் தலைகீழ்: கணீரென்று ஒலித்தால் குழாயின் வெளியே ஒன்றுமில்லை, மந்தமாக ஒலித்தால் சீமெந்து பற்றியிருக்கிறது.

இப்போது குழாயோடு கட்டி இறக்கும் கண்ணாடி இழைகள் வந்துவிட்டன. மேலிருந்து லேசர் ஒளி விட்டால் இழை நெடுகிலும் அதில் துளித்துளி சிதறித் திரும்பும். எங்காவது சூடு மாறினாலோ கசிவு சீறினாலோ அந்தச் சிதறலும் மாறும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து எத்தனையாவது மீற்றர் என்று சொல்லிவிடலாம். குழாயைச் சுற்றிப் போடும் ஒருவகை இறப்பர் எண்ணெயோ நீரோ பட்டதும் ஊறவைத்த கடலை போல உப்பி இடைவெளியை அடைக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். சீமெந்து வெடித்து எண்ணெயோ நீரோ கசிந்தாலும், அந்தக் கசிவே அடைப்பை உப்ப வைக்கும்.

மச்சான் வீட்டுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. போன மாதம் குழாயைச் சுற்றி இடுப்பளவு தோண்டி, சீமெந்து ஊற்றி, மேலே வெளிப்பக்கம் சரிந்த மேடையும் கட்டினோம். மூன்று மூடை போனது. ‘இதை அன்றைக்கே ஊற்றியிருக்கலாமே’ என்றான் மச்சான், கையைக் கழுவிக்கொண்டே.