முர்ரி பனிப்புயல்: காருக்குள் தூங்கிய குடும்பங்கள் காலையில் எழுந்திருக்காதது ஏன்?

வெளியே மைனஸ் 8 டிகிரி. காரின் நான்கு கண்ணாடியும் ஏற்றியாச்சு. ஹீட்டர் ஓடுது. பின் சீட்டில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். முன்னாடி நிற்கிற வண்டி நகர்ந்தால் கிளம்பிடலாம், விடிஞ்சா யாராவது வந்து பாதையைச் சரிசெய்வாங்க என்ற நம்பிக்கையில் பெரியவர்களும் கண்ணை மூடுகிறார்கள்.

2022 ஜனவரி 7ஆம் தேதி இரவு, பாகிஸ்தானின் முர்ரி மலைப்பாதையில் நின்ற வண்டிகளுக்குள் இருந்த நிலைமை ஏறக்குறைய இதுதான். மறுநாள் மீட்புக் குழுவினர் வந்து கதவுகளைத் திறந்தபோது, குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். அதில் 8 பேர் ஒரே குடும்பம். இஸ்லாமாபாத் காவல்துறையைச் சேர்ந்த ஒரு அதிகாரி, தன் பிள்ளைகளையும் உறவினர்களையும் பனி காட்டக் கூட்டிவந்த பயணம் அது. சிக்கிக்கொண்ட பிறகு போனில் உறவினரைத் தொடர்புகொண்டு உதவியும் கேட்டிருக்கிறார். உதவி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தச் செய்தியைப் பார்த்த பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். திறந்த வெளியில் குளிரில் விறைத்துச் செத்தார்கள் என்றால் புரிகிறது. மூடிய காருக்குள், ஹீட்டர் இருக்கும்போது எப்படி?

முர்ரியில் என்னதான் நடந்தது?

இஸ்லாமாபாத்தில் இருந்து காரில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்கிற தூரத்தில் இருக்கிறது முர்ரி. 1851இல் ஆங்கிலேயர்கள் தங்கள் படைவீரர்களுக்கான ஓய்விடமாக உருவாக்கிய ஊர். நம்ம ஊட்டிக்கும் இதே மாதிரியான வரலாறுதான். உயரம்கூட கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே சுமார் 2,200 முதல் 2,300 மீட்டர்.

அப்படியென்றால் ஊட்டியில் புல் நுனியில் உறைபனி படிவதோடு நின்றுவிடுகிறது, அங்கே மட்டும் ஏன் அடி அடியாகப் பனி கொட்டுகிறது? முர்ரி ரொம்ப வடக்கே இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று 'மேற்கத்திய இடையூறு'. மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நகர்ந்துவரும் காற்றுச் சுழற்சிக்கு வானிலை ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது. குளிர்காலத்தில் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து இமயமலையில் மோதும். சமவெளியில் மழை, மலையில் பனி. காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்டுக்குப் பனி கொண்டுவருவதும் இதுதான்.

ஆக, முர்ரியில் பனி விழுவது புதிதல்ல. அதைப் பார்க்கத்தான் மக்களே போகிறார்கள். அந்த முறை விழுந்த அளவும் வேகமும்தான் வழக்கத்துக்கு மாறானவை. குறுகிய நேரத்தில் 4 அடிக்கும் மேல் கொட்டியது. பாரம் தாங்காமல் மரங்கள் முறிந்து சாலையில் விழுந்தன. மின்சாரம் போனது.

இதில் வயிறெரியும் விஷயம் ஒன்று உண்டு. பாகிஸ்தான் வானிலை ஆய்வுத்துறை ஜனவரி 5ஆம் தேதியே எச்சரித்திருந்தது. 6 முதல் 9ஆம் தேதி வரை கனமான பனிப்பொழிவு இருக்கும், முர்ரி உள்ளிட்ட பகுதிகளில் சாலைகள் மூடப்படலாம் என்று சொல்லியிருந்தது. அதே நாட்களில் சுமார் 1 லட்சம் வாகனங்கள் முர்ரிக்குள் நுழைந்ததாக அந்நாட்டு அமைச்சர் ஒருவர் ட்விட்டரில் பெருமையாகப் பதிவிட்டிருந்தார். மக்கள் கையில் பணம் புழங்குகிறது என்பதற்கு அது சாட்சியாம்! மலை ஏறும் வண்டிகளைக் கீழேயே நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் உரிய நேரத்தில் தோன்றவில்லை.

விபத்துக்குப் பிறகு, முன்னெப்போதும் இல்லாத பனிப்பொழிவும், வானிலையைப் பார்க்காமல் கிளம்பிய கூட்டமும் நிர்வாகத்தைத் திணறடித்துவிட்டதாக அப்போதைய பிரதமர் இம்ரான் கான் சொன்னார். பஞ்சாப் மாகாண அரசு விசாரணை நடத்தி அதிகாரிகள் பலரைப் பணியிடை நீக்கம் செய்தது. அறை வாடகையை விடுதிகள் பல மடங்கு ஏற்றியதால்தான் குடும்பங்கள் காரிலேயே தங்கின என்ற குற்றச்சாட்டும் பலமாக எழுந்தது.

குளிர் கொன்றதா, கார் கொன்றதா?

இரண்டும்தான் என்கிறார்கள் அதிகாரிகள். சிலர் உடல் வெப்பம் குறைந்து இறந்தார்கள். சிலரது உயிரைப் பறித்தது கார்பன் மோனாக்சைடு.

பெட்ரோலோ டீசலோ விறகோ கரியோ, எது முழுதாக எரியாமல் போனாலும் இந்த வாயு வெளியாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் கரிக்காது. மூச்சில் உள்ளே போனால் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடம் அது. ஆனால் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீட் பிடித்தவர் இறங்க மறுத்தால் அடுத்தவருக்கு ஏது இடம்? நுரையீரல் வழக்கம்போல வேலை செய்துகொண்டே இருக்கும், மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

முதலில் லேசான தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், அசதி, தூக்கம். ராத்திரி பயணத்தில் இதெல்லாம் யாருக்குத்தான் வராது? மலைக்கு ஏறியதால் தலை வலிக்கிறது என்று நினைப்பார்கள். பசி மயக்கம் என்று பிஸ்கட் கொடுத்துத் தூங்கச் சொல்வார்கள். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரியாது. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் சீக்கிரமே பாதிக்கப்படுவார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிவைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தாலும் பலன் இல்லை. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் அது 98, 99 என்றே காட்டலாம்.

சரி, புகை வெளியேதானே போகும்? காருக்குள் எப்படி வந்தது?

சாதாரண நாளில் வெளியேதான் போகும். பனியில் புதைந்த காரில் கதை வேறு.

கார் ஹீட்டர் சூடான காற்றைத் தர வேண்டுமென்றால் என்ஜின் ஓட வேண்டும். என்ஜின் சூட்டைத்தான் அது உள்ளே திருப்பிவிடுகிறது. என்ஜின் ஓடினால் சைலன்சர் வழியாகப் புகை வரும். பனி கொட்டக் கொட்ட, சைலன்சர் முனை மூடிக்கொள்ளும். போக வழியில்லாத புகை காருக்கு அடியிலேயே தேங்கும். சுற்றிலும் பனி சுவர் மாதிரி எழும்பி நிற்பதால், கார் ஒரு குழிக்குள் நிற்பதற்குச் சமம். காற்றடித்துக் கலைத்துவிடவும் வாய்ப்பில்லை. தரையில் இருக்கும் சிறு இடைவெளிகள், கதவு இடுக்குகள், ஹீட்டர் காற்றை இழுக்கும் துவாரங்கள் என்று கிடைத்த வழியில் அது உள்ளே நுழையும். கண்ணாடியை இறுக்கமாக ஏற்றியிருந்தால், நுழைந்தது வெளியேற வழியில்லை.

இதற்கு ராத்திரி முழுக்க ஆக வேண்டும் என்றுகூட இல்லை. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. நியூ ஜெர்சி மாநிலம் பசேயிக் நகரில் ஒரு குடும்பத் தலைவர் காரைச் சுற்றிக் குவிந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மனைவியும் குழந்தைகளும் என்ஜின் ஓடும் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சைலன்சர் பனியில் மூடியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் சில அடி தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே, தாயும் ஒரு வயதுக் குழந்தையும் உள்ளே இறந்துபோனார்கள்.

புது மாடல் கார்களில் புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அது சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். மின்சார காரில் இந்தப் புகைப் பிரச்சினையே இல்லை, அங்கே கவலை பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மட்டும்தான்.

அப்போ காரை விட்டு இறங்கி நடந்துடலாமா?

கூடாது. பனிப்புயலில் சிக்கினால் காரிலேயே இருங்கள் என்பதுதான் எல்லா நாட்டுப் பேரிடர் அமைப்புகளும் சொல்லும் முதல் அறிவுரை. பனி வீசும்போது பத்தடி தூரம்கூடத் தெரியாது. நடந்து போனவர்கள் வழி தவறி, விழுந்த இடத்திலேயே மூடப்பட்டிருக்கிறார்கள். தேடி வருபவர்கள் கண்ணில் ஒரு மனிதர் படுவதைவிட ஒரு கார் சீக்கிரம் படும்.

காரில் இருப்பது தப்பே இல்லை. என்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டு, கண்ணாடியை முழுசா மூடி, எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதுதான் ஆபத்து.

அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு: மணிக்கு 10 நிமிடம் மட்டும் என்ஜினை ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்புவதற்கு முன்பும் ஒருவர் இறங்கிப்போய் சைலன்சர் முனையைச் சுற்றியுள்ள பனியைக் கையாலோ, கிடைத்த தட்டாலோ அள்ளிவிட வேண்டும். இது சோம்பலில் விட்டுவிடக்கூடிய வேலை இல்லை, உயிர் இருப்பது இதில்தான். என்ஜின் ஓடும்போது காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி வைக்கவும். குளிருமே என்றால், ஆமாம், கொஞ்சம் குளிரும்.

மீதி 50 நிமிடத்துக்கு உடம்புச் சூடுதான் துணை. பெட்டியில் இருக்கும் துணி எல்லாவற்றையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். நெருக்கி உட்கார வேண்டும், கை கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவராவது முறைவைத்து விழித்திருக்க வேண்டும். தாகம் எடுத்தால் பனியை அப்படியே வாயில் போடக் கூடாது, அது உடம்புச் சூட்டை இன்னும் உறிஞ்சிவிடும். உருக்கித்தான் குடிக்க வேண்டும். குளிருக்கு இதமா இருக்கும்னு மது அருந்துவது நேர் எதிர் வேலை செய்யும். உடம்பு கதகதப்பாவது போலத் தோன்றும், உண்மையில் வெப்பம் வேகமாக வெளியேறும். பளிச்சென்ற நிறத் துணி ஒன்றை ஆன்டெனாவிலோ கதவிலோ கட்டிவைத்தால் மீட்பவர்கள் கண்ணில் படும்.

யாருக்காவது தலைவலியோடு குமட்டல், குழப்பம் என்று வந்தால் யோசிக்காமல் என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்கவும். சுத்தமான காற்றுதான் முதல் மருந்து. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். 'இப்போ பரவாயில்லை' என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது சரியல்ல.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

டிசம்பர் லீவு விட்டால் மணாலி, காஷ்மீர், சிக்கிம் என்று டூர் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். 2018 டிசம்பர் 28 அன்று சிக்கிமின் நாதுலா அருகே திடீர்ப் பனியில் சிக்கிய சுமார் 2,500 சுற்றுலாப் பயணிகளை ராணுவம் மீட்டு, தன் முகாம்களில் தங்கவைத்தது. 2024 டிசம்பர் 27 அன்று மணாலி பக்கத்தில் சோலாங் பகுதியில் சுமார் 1,000 வாகனங்கள் சிக்கிக்கொள்ள, ஏறத்தாழ 5,000 பேரைப் போலீசார் மீட்டார்கள். முர்ரிக்கும் இந்த இடங்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம், உதவி நேரத்துக்கு வந்ததுதான்.

பனியே விழாத நம் மலைகளிலும் இதே வாயு ஆள் பறித்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் இருவர், பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியதில் உயிரிழந்தார்கள். குளிருக்கு அறைக்குள் கரி மூட்டுவதும், பனிக்குள் காரை மூடிக்கொண்டு ஹீட்டர் போடுவதும் ஒன்றுதான்.

மலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் அன்று காலையில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாவட்ட வாரி எச்சரிக்கையைப் பார்க்கலாம். ஆரஞ்சு, ரெட் என்று இருந்தால் டிரைவர் 'அதெல்லாம் போயிடலாம் சார்' என்று சொன்னாலும் அறையிலேயே இருந்துவிடுவது நல்லது. மாலை இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவதும் அவசியம். பகலில் உருகிய பனி, வெயில் போனதும் சாலையில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும்.

காரைவிட்டு இறங்கலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஒரு வீடோ கடையோ இருந்தால் போகலாம். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் பஃபலோ பகுதியைத் தாக்கிய பனிப்புயலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது நயாகரா அருவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த தென் கொரியச் சுற்றுலாப் பயணிகளின் வேன் பனியில் சிக்கியது. ஓட்டுநரோடு சேர்த்து மொத்தம் 10 பேர். பனியை அள்ள ஒரு மண்வெட்டி கிடைக்குமா என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இந்தப் பனியில் நகர முடியாது, உள்ளே வாங்க என்று அந்த வீட்டுத் தம்பதி எல்லோரையும் அழைத்துக்கொண்டார்கள். கொரியச் சமையல் அவர்களுக்கு ஏற்கெனவே பிடிக்குமாம், மசாலா, சாஸ் எல்லாம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. விருந்தாளிகளே சமையலறையில் இறங்கிச் சமைக்க, சாலை திறக்கும் வரை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.