ஆபீஸ் விழாவுக்கு ஹால் டெகரேஷன்: பூவுக்கு முன்னாடி கதவைப் பாருங்க! ஏன் தெரியுமா?

ஆண்டு விழா, டீலர் மீட், புது தயாரிப்பு அறிமுகம்... ஆபீஸில் ஒரு விழா என்றாலே ‘டெகரேஷனை நீங்க பாத்துக்கோங்க’ என்று யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் ஹெச்ஆர் பிரிவிலோ அட்மின் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்தவர்தான் மாட்டுவார். அவர் முதலில் செய்வது என்ன? செல்போனில் நாலு படம் தேடி எடுத்து, ‘அண்ணா, இதே மாதிரி வேணும்’ என்று டெகரேட்டருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதுதான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படத்தில் மேடை தெரியும், பூ தெரியும், லைட் தெரியும். அந்த ஹாலின் கூரை எவ்வளவு உயரம், அதைக் கட்ட எத்தனை மணி நேரம் கிடைத்தது, அந்தத் துணிக்குப் பின்னால் கதவு இருந்ததா என்பதெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு விழா நல்லபடியாக முடியுமா என்பதை முடிவு செய்வது இந்தத் தெரியாத விஷயங்கள்தான்.

ஒரே ராத்திரியில் எப்படி தயாராகுது?

முகூர்த்த சீசனில் ஹோட்டல் ஹால்களும் கன்வென்ஷன் சென்டர்களும் ஒரு நாள்கூட சும்மா இருக்காது. ராத்திரி 11 மணிக்கு ஒரு கல்யாண ரிசப்ஷன் முடியும். மறுநாள் காலை 9 மணிக்கு உங்கள் விழா. நடுவில் இருப்பது 10 மணி நேரம். அதிலும் பழைய செட்டைப் பிரித்து, கூட்டிப் பெருக்கவே நள்ளிரவு தாண்டிவிடும்.

மிச்ச நேரத்தில் வேலை ஒரு வரிசையில்தான் நடக்க முடியும். முதலில் லைட்டைத் தாங்கும் இரும்பு, அலுமினிய ட்ரஸ். பிறகு 8-க்கு 4 அடி பலகைகளைச் சேர்த்து மேடை. அதன் பிறகு எல்இடி வால், சவுண்ட், வயரிங். இதெல்லாம் முடிந்தால்தான் துணி கட்டுபவர் உள்ளே வர முடியும். அப்புறம் மேஜை நாற்காலி, அப்புறம் பூ, கடைசியில் கார்பெட். ட்ரஸ் ஏற்றிவந்த லாரி 2 மணி நேரம் தாமதமானால், அந்த 2 மணி நேரம் பூக்காரர் தலையில்தான் விடியும். ‘பூ டெகரேஷன் சரியில்லையே’ என்று காலையில் மேனேஜர் முகம் சுளிப்பார். காரணம் பூவே இல்லை!

அதனால் டெகரேட்டரிடம் ரேட் கேட்பதற்கு முன்னால், ஹால்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஹால் எத்தனை மணிக்கு எங்க கைக்கு வரும்?’ முந்தின நாள் மதியத்தில் இருந்தே ஹாலை எடுக்க வேண்டுமென்றால் கூடுதல் வாடகை கேட்பார்கள். பட்ஜெட்டில் எங்கேயாவது தாராளமாக இருக்கலாம் என்றால், அது இந்த இடம்தான். ஒரு பூ வளைவைக் குறைத்தாவது இந்த நேரத்தை வாங்கிவிடலாம்.

ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தூக்கம் இல்லாமல், விடியற்காலை அவசரத்தில், உயரத்தில் ஏறி நிற்பவர்கள் அவர்கள்தான். ஹெல்மெட்டும் இடுப்பு பெல்ட்டும் கொட்டேஷனில் எங்கேயும் தனியாக எழுதியிருக்காது. நீங்கள் கேட்டால்தான் வரும்.

‘கிராண்ட் என்ட்ரி’ ஆபத்து

2024 ஜனவரியில் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 25 ஆண்டு நிறைவு விழா நடந்தது. தலைமை நிர்வாகியும் இன்னொரு உயர் அதிகாரியும் அலங்கரித்த இரும்புக் கூண்டில் நின்றபடி, மேலே இருந்து மேடைக்கு இறங்குவது போல ஏற்பாடு. ஒரு பக்கம் சங்கிலி அறுந்தது. ஊழியர்கள் கண் முன்னாலேயே இருவரும் கீழே விழுந்தனர். தலைமை நிர்வாகி உயிரிழந்தார்.

ஹோட்டல் ஹாலில் யாரும் கூண்டு தொங்கவிடப் போவதில்லைதான். ஆனால் பூப்பந்து, பெரிய லோகோ, லைட் வளையம் என்று கூரையில் எதையாவது தொங்கவிடாத டெகரேஷன் இன்றைக்கு ஏது? ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி இருக்கிறது என்பதற்காக அது எடையைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. எந்தப் புள்ளியில் எத்தனை கிலோ வரை தொங்கவிடலாம் என்பதை ஹாலின் இன்ஜினியரிங் பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள். தெளிவான பதில் வரவில்லையா? கூரையில் எதையும் மாட்டாமல், தரையில் நிற்கும் ட்ரஸ் போடச் சொல்லுங்கள்.

கதவை மறைக்கும் துணி

ஹால் சுவர் பளிச்சென்று இல்லாவிட்டால் சுற்றிலும் துணி கட்டி மறைப்பார்கள். தொழிலில் இதற்கு ‘மாஸ்கிங்’ என்று பெயர். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கும். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதன் மேலேயும் துணி ஏறிவிடும். கூடவே பச்சையாக எரியும் எக்ஸிட் போர்டும் மறைந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. டெகரேட்டருக்கு அது வெறும் சுவர், அவ்வளவுதான்.

1995 டிசம்பர் 23-ஆம் தேதி ஹரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா. ஷாமியானாவில் பற்றிய தீயில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலும் குழந்தைகள். தமிழ்நாட்டில் 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில், மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்ததில் மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டுமே சந்தோஷமான நாட்கள். தலைக்கு மேலே இருந்ததெல்லாம் எரியக்கூடிய பொருள்.

தற்காலிகப் பந்தல்களுக்கென்றே ஐஎஸ் 8758 என்ற இந்திய தர விதி இருக்கிறது. செயற்கை இழைத் துணியும் கயிறும் வேண்டாம், மின்கம்பிக்குக் கீழே பந்தல் போடாதீர்கள் என்கிறது அது. நடைமுறையில் பாலியஸ்டர் துணி இல்லாத டெகரேஷனைப் பார்ப்பதே அபூர்வம். குறைந்தபட்சம், தீ எளிதில் பற்றாதபடி பதப்படுத்திய துணியா என்று கேளுங்கள். ஹாலோஜன் மாதிரி சூடாகும் லைட், துணியை ஒட்டி இருக்கக் கூடாது. கார்பெட்டுக்கு அடியில் வயரை விட்டு மேலே நாற்காலி போடுவதும் வேண்டாம். வயர் நசுங்கினால் வெளியே தெரியாது.

டெகரேட்டருக்கு ஹால் பிளானை அனுப்பும்போதே எல்லாக் கதவையும் சிவப்பில் வட்டம் போட்டு, ‘இந்த இடத்துல துணி, செல்ஃபி பாயின்ட், பூத்தொட்டி எதுவும் வரக் கூடாது’ என்று எழுதிவிடுங்கள். முதலில் கதவு, அப்புறம் நடைபாதை, அப்புறம் மேஜை, மிச்ச இடத்தில் மேடை. பெரும்பாலான விழாக்களில் இந்த வரிசை தலைகீழாகத்தான் இருக்கிறது.

மேஜைக்கு ஒரு சின்ன கணக்கு: 5 அடி வட்ட மேஜையில் 8 பேர், 6 அடியில் 10 பேர் தாராளமாக உட்காரலாம். ‘இன்னும் ரெண்டு சேர் போட்டுக்கலாம்’ என்று ஆரம்பித்தால் முதலில் காணாமல் போவது நடைபாதைதான்.

பலூனில் என்ன கேஸ்?

ஹீலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். ஹைட்ரஜன் மலிவு, ஒரு பொறி போதும், குப்பென்று பிடிக்கும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் மிதக்கும். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு கட்சி நிகழ்ச்சியில், பட்டாசுப் பொறி பட்டு கேஸ் பலூன்கள் வெடித்ததில் பலர் காயமடைந்தனர். பில்லில் ‘ஹீலியம்’ என்று எழுதி வாங்குங்கள். அல்லது சாதாரண காற்று அடைத்த பலூனில் வளைவு கட்டச் சொல்லுங்கள். பார்வைக்கு ஒன்றும் குறையாது.

தெர்மாகோல் லோகோ வைக்கலாமா?

கூடாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில், அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இருக்கிறது. பலூன் பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு. ‘மார்க்கெட்ல கிடைக்குதே சார்’ என்பார்கள். கிடைக்கிறது என்பதால் தடை இல்லை என்று ஆகிவிடாது. லோகோவை பிளைவுட்டிலோ கனமான அட்டையிலோ வெட்டிக்கொள்ளலாம், துணியில் அச்சடிக்கலாம்.

ஹாலுக்கு வெளியே ரோட்டில் ‘நிகழ்ச்சி இங்கே’ என்று பேனர் கட்டுவதும் அனுமதி இல்லாமல் கூடாது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி 23 வயது மென்பொறியாளர் உயிரிழந்ததை சென்னை மறந்திருக்காது.

எல்இடி வாலா, பிரின்ட் பேக்டிராப்பா?

நாள் முழுக்க பேச்சாளர்கள் மாறி மாறி வந்தால் எல்இடி வால் வசதி. ஒரே பரிசளிப்பு, போட்டோவோடு முடிகிற விழா என்றால் துணி பேக்டிராப்பே போதும். பின்னால் வால் பளீரென்று எரிய, முன்னால் நிற்பவர் முகம் இருட்டாகிவிடுகிற போட்டோக்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்! எல்இடி என்றால் ‘பி3’, ‘பி4’ என்பார்கள். புள்ளிகளுக்கு இடையே 3 மி.மீ., 4 மி.மீ. இடைவெளி என்று அர்த்தம். பி3 என்றால் முதல் வரிசை சுமார் 3 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் படம் உறுத்தாது. கம்பெனி நிறம் திரையில் ஒரு மாதிரியும் பிரின்ட்டில் ஒரு மாதிரியும் வரும் என்பதால், ஒரு சின்ன துண்டு அச்சடித்துப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.

பூவைப் பொறுத்தவரை முகூர்த்த நாளைத் தவிர்த்தாலே பாதி கவலை தீர்ந்தது. அன்றைக்குக் கோயம்பேட்டில் விலை ஏறாமல் இருக்காது. ஓசூர் ரோஜா, செவ்வந்தி, சாமந்தி என்று இங்கேயே விளைகிற பூவில் முடித்துக்கொண்டால் ஏசி ஹாலில் மாலை வரை தாங்கும்.

கொட்டேஷன் வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த தொகையா, சேராததா? இன்னொன்று, விழா முடிந்தபின் செட்டைப் பிரித்து, குப்பையை அள்ளி, ஹாலைத் திருப்பிக் கொடுப்பது யார் பொறுப்பு? இதை எழுதாமல் விட்டால், ராத்திரி 12 மணிக்கு ஹால்காரர் போன் செய்வது டெகரேட்டருக்கு இல்லை, உங்களுக்குத்தான்.