லேகியத்துக்குள் ஒளிந்திருக்கும் மாத்திரை

போர்ட் பிளேரிலிருந்து வாண்டூர் போகிறவர்கள் சிப்பிகாட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்குள்ள அரசுப் பண்ணையில் கிராம்பு, பட்டை, மிளகோடு ஜாதிக்காயும் விளைகிறது. நம்மூர் ஆண்கள் அந்த மரத்தடியில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் ஆச்சரியமில்லை. 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்களில் ஜாதிக்காய்க்கு அப்படியொரு புகழ்.

ஆனால் காரியம் நடப்பது நரம்பில் மட்டுமல்ல, ரத்தக்குழாய்ச் செல்லுக்குள். குழாய்த் தசையைத் தளர்த்தும் செய்தியைச் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு கொண்டுபோகிறது. அதை உடைத்துப் போடுவது பிடிஇ-5 என்ற நொதி. வேடிக்கை என்னவென்றால், அந்த நொதியை முடுக்கிவிடுவதே சைக்ளிக் ஜிஎம்பிதான். அளவு ஏறியதும் நொதியின் ஓர் ஓரத்தில் போய் ஒட்டி வேகத்தைக் கூட்டுகிறது. அதே செய்தியால் விழித்த கைனேஸ் என்ற இன்னொரு நொதி, அதில் பாஸ்பேட்டைப் பொருத்தி அந்த வேகம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. பந்தி களைகட்டும்போதே இலை எடுப்பவரையும் விருந்தாளியே கூப்பிடுகிற கதை!

பிடிஇ நொதிக் குடும்பத்தில் 11 கிளைகள். ஒவ்வொன்றுக்கும் கடிவாளம் வேறு. பிடிஇ-1 கால்சியத்துக்குக் கட்டுப்படும். விழித்திரையிலுள்ள பிடிஇ-6 வெளிச்சம் பட்டால்தான் கட்டவிழும்.

1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில், பிடிஇ-5-ஐ அடைக்கிறது. முடுக்கிவிடப்பட்ட நொதியில் அது இன்னும் இறுக்கமாக ஒட்டுகிறது. செல் போட்ட பிரேக்கையே பிடித்து நிறுத்துகிறது என்று சொல்லலாம். பிடிஇ-6-ஐயும் லேசாகத் தொடுவதால்தான் சிலருக்குக் கண்ணில் நீலம் படர்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்தால் இது நல்ல மருந்து. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் உதவுகிறது. சரி.

என் கவலை சீட்டில்லாமல் வருவதைப் பற்றி. 'முழுக்க மூலிகை' என்று விற்கும் வீரிய மருந்துகளில் சில்டெனாஃபிலைக் கலந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. ஜாதிக்காய்க்குப் பெயர், மாத்திரைக்கு வேலை. நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட், சைக்ளிக் ஜிஎம்பியைக் கூட்டும். உடைக்கிற நொதியும் அடைபட்டிருந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று சரியும், உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம், 'அந்த மாதிரி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?' என்று டாக்டர் கேட்கிறார். 'இல்லீங்க, லேகியம்தான் சாப்பிட்டேன்' என்பார் இவர். பொய்யில்லை; அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை நம்பித்தான் நாக்குக்கடியில் நைட்ரேட்டை வைப்பார்கள்.