அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே பாதிச் சமையல்

சீன முறையில் காய் வதக்கிப் பார்த்த பல வீடுகளில் ஒரே குறைதான் சொல்வார்கள். காய் துவண்டுபோகிறது, வாணலியின் அடியில் தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு சாஸ் ஊற்றினாலும் அந்த மணம் வருவதில்லை. உடனே இன்னொரு சாஸ் பாட்டில் வாங்கத் தோன்றும். வாங்க வேண்டாம். கோளாறு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் கடுமையான வேலைநாளின் முடிவிலும் பதினைந்து நிமிடத்தில் நல்ல இரவுச் சாப்பாடு தயாராகிவிடும்.

இந்தச் சமையல் முறையைச் சீனர்கள் 'சாவ்' என்கிறார்கள். நன்றாகக் காய்ந்த பாத்திரத்தில், கொஞ்சம் எண்ணெயில், சிறிதாக நறுக்கிய பொருளைக் கிளறிக்கொண்டே சில நிமிடங்களில் வேகவைத்து இறக்குவது. இதற்கு 'ஸ்டிர் ஃப்ரை' என்ற ஆங்கிலப் பெயர், 1945இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சீனச் சமையல் புத்தகத்தின் வழியாகப் பரவியது. எழுதியவர் புவெய் யாங் சாவ் என்ற பெண் மருத்துவர். நம் பொரியலில் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, ஆவியில் காயை வேகவிடுகிறோம். சீன வதக்கலில் பெரும்பாலும் மூடிக்கு இடமில்லை. ஆவி உடனுக்குடன் வெளியேற வேண்டும்.

தண்ணீர் ஏன் தடை?

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அது வற்றும்வரை அதில் கிடக்கும் காயும் கறியும் அதற்கு மேல் சூடேறாது. வறுபட்ட நிறமும் மணமும் தரும் வேதிமாற்றமோ சுமார் 140 டிகிரியில்தான் வேகம் எடுக்கும். அதனால் தண்ணீரில் கிடப்பது வேகும், வறுபடாது.

தண்ணீரை வற்ற வைப்பதும் எளிதல்ல. குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்கத் தேவை. சீன உணவகங்களின் அடுப்பு நம் வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு வலிமையானது. காய் விடும் நீரை அந்தத் தீ நொடியில் விரட்டிவிடும். அப்போது எழும் மணத்தைத்தான் கான்டனீஸ் மொழியில் 'வோக் ஹேய்' என்பார்கள். வாணலியின் மூச்சு என்று சொல்லலாம். நம் தீயை நாம் பெரிதாக்க முடியாது. தண்ணீரையும் அளவையும் குறைக்க முடியும்.

ஆகவே, கழுவிய காயை முன்கூட்டியே வடியவிட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். ஒரு ஈடுக்கு இரண்டு பேருக்கு ஆகும் அளவு மட்டும் போடுங்கள். நான்கு பேர் சாப்பிட வேண்டுமென்றால் இரண்டு ஈடாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் நான்கு நிமிட வேலைதான். மொத்தமாகக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, காய் நீர்விட்டு, அந்த நீரிலேயே வெந்துவிடும்.

கத்தியும் வாணலியும்

சமையல் நேரம் சில நிமிடங்களே என்பதால் நடுவில் எதையும் தேட முடியாது. நறுக்கியவை, கலக்கியவை எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில் அடுப்பருகே வந்த பிறகுதான் தீயைப் பற்ற வைக்க வேண்டும். எல்லாத் துண்டுகளும் ஒரே கனத்தில் இருக்கட்டும். கேரட், பீன்ஸ் போன்ற கெட்டியான காய்களை மெல்லியதாக நறுக்கி முதலில் போட வேண்டும். குடைமிளகாயும் முட்டைக்கோஸும் அடுத்து. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி கடைசியில்.

பாத்திரத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழக்கின இரும்பு வாணலி இதற்கு மிக நன்றாகப் பொருந்தும். தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவதைப் போலவேதான் சீன வீடுகளிலும் வோக்கைப் பழக்குகிறார்கள். நான்ஸ்டிக் வேண்டாம். வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் காயவைக்கும்போது, சுமார் 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதைந்து புகை விடும்.

வாணலி காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஓரிரு நொடியில் மறைந்தால் பதம் சரி. பிறகுதான் எண்ணெய். 'வாணலி சூடு, எண்ணெய் குளிர்' என்பது சீன அடுக்களையில் வழங்கும் சொல். காய்ந்த வாணலியில் பச்சை எண்ணெயை ஊற்றிச் சுழற்றிவிட்டால் பொருள் ஒட்டாது. கான்டனீஸ் சமையலுக்குப் பழக்கமான எண்ணெய் கடலை எண்ணெய். அது நம் வீட்டிலேயே இருக்கிறது. சுத்திகரித்ததாக இருந்தால் அதிகச் சூட்டை நன்றாகத் தாங்கும். சீனக் குறிப்புகளில் வரும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, நம் நல்லெண்ணெயின் மணம் வேறு. அதில் வதக்கக் கூடாது. இறக்கிய பிறகு சில சொட்டு விடுவார்கள்.

மூன்று உணவுகள்

முதலாவது, பூண்டுக் கீரை. மலேசியாவில் கங்கோங் எனப்படும் வள்ளைக்கீரை இதற்கு ஏற்றது, கிடைக்காவிட்டால் முட்டைக்கோஸ். நான்கு பல் பூண்டைத் தட்டி எண்ணெயில் பத்து நொடி வதக்குங்கள். சிவக்க விட்டால் கசக்கும். தண்டை முதலில் போட்டு ஒரு நிமிடம் கிளறி, இலையைச் சேர்த்து இன்னொரு நிமிடம் கிளறுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் கீரை நீர்விடும்.

இரண்டாவது, தக்காளி முட்டை. சீன வீடுகளில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் சமையல்களில் ஒன்று இது. மூன்று முட்டையை உப்பிட்டு அடித்து, சூடான எண்ணெயில் ஊற்றி, பாதி இறுகியதும் தட்டில் எடுத்து வையுங்கள். அதே வாணலியில் இரண்டு தக்காளியை நறுக்கிப் போட்டு, உப்பும் அரை டீஸ்பூன் சர்க்கரையும் சேர்த்துக் குழைய வதக்குங்கள். இதில் மட்டும் தக்காளி விடும் சாறு வேண்டும், அதுதான் குழம்பு. முட்டையை மறுபடி சேர்த்துப் புரட்டி, அது முழுவதும் வெந்ததும் வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். சூடான சோற்றுக்கு அருமையான துணை.

மூன்றாவது, குடைமிளகாய்க் கோழி. எலும்பில்லாத கோழிக் கறி 250 கிராம் எடுத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்குங்கள். சோயா சாஸ், கார்ன்ஃப்ளார், எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் பிசிறிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். அந்த மாவு கறியின் மேல் மெல்லிய போர்வையாகி உள்ளே இருக்கும் சாறைக் காக்கும். உணவகக் கறி பட்டுப்போல் இருப்பதன் காரணம் இதுதான். கறியை வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு நிமிடம் கிளறாமல் விட்டு, பிறகு புரட்டி, முக்கால் வேக்காட்டில் எடுத்துவிடுங்கள். அடுத்து இஞ்சி, பூண்டு, குடைமிளகாய் வதக்கி, கறியைத் திரும்பச் சேர்த்து, உள்ளே சிவப்பில்லாமல் முழுவதும் வேகும்வரை புரட்டுங்கள்.

இதற்கான சாஸை முன்பே கலந்து வையுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர். மாவு அடியில் தங்கும் என்பதால் ஊற்றும்போது ஒருமுறை கலக்கி, வாணலியின் ஓரமாக விடுங்கள். அரை நிமிடத்தில் கெட்டியாகிப் பளபளப்பாகும், உடனே இறக்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

சோயா சாஸ் ஊற்றிய பிறகு உப்பைச் சுவை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அரை அளவு ஊற்றி, புளிப்புக்கு வினிகரையும் மணத்துக்குப் பூண்டையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஃப்ரைட் ரைஸுக்குப் பழைய சோறுதான் உதிரியாக வரும். ஆனால் அதை இரவெல்லாம் வெளியில் வைக்காதீர்கள். சோற்றில் பெருகும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வடித்த சோற்றைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

முதல் முயற்சிக்கு முட்டைக்கோஸும் பூண்டும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காயைத் துடைத்து, வாணலியைக் காயவைத்து, இரண்டு பேருக்கு மட்டும் செய்து பாருங்கள். சாஸே ஊற்றாமல் அந்த மணம் வரும்போது, மற்ற காய்களுக்கும் இதே கணக்குதான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.