மோட்டார் வண்டிக்கு ஒரு கொட்டில்

மோட்டார் வண்டி வாங்குவோர் அதன் விலையையும் நிறத்தையும் பற்றிப் பலரோடு ஆராய்வர். அது நிற்கவேண்டிய இடத்தைப் பற்றி ஆராய்வோர் மிகச் சிலரே. எம் முன்னோர் வண்டிலுக்கென வளவின் ஒரு புறத்தே கால் நாட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டு, மேலே கிடுகு வேய்ந்தனர். மோட்டார் வண்டி வந்த பின்னரோ, சுவருங் கதவும் உடைய கராஜ் கட்டுவதே பெருமையெனக் கருதப்பட்டது.

அமெரிக்காவிலே பிராங்க் லொயிட் றைற் என்னுங் கட்டடக் கலைஞர் இதனை மாற்றினார். மடிசன் நகரில் 1937 ஆம் ஆண்டில் நிறைவுற்ற ஜேக்கப்ஸ் இல்லத்தில் அவர் கராஜ் அமைத்திலர்; கூரையை மாத்திரம் வெளியே நீட்டி வண்டிக்கு நிழல் தந்தார். அவர் கருதியது சிக்கனம். அவ்வில்லம் முழுவதற்கும் ஆன செலவு ஏறக்குறைய 5,500 டொலரே.

எமக்கோ செலவினும் பெரிய காரணங்கள் உள. நனைந்து வந்த வண்டியைக் காற்றோட்டமில்லா அறையில் அடைத்தால் ஈரம் உலராது தங்கித் தகட்டைத் துரு அரிக்கும். கடற்காற்றின் உப்புஞ் சேருமாயின் சொல்லவேண்டுவதில்லை. அன்றியும், மூடிய அறையில் இயந்திரத்தை ஓடவிட்டால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு நிறையும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கராஜ் வீட்டோடு ஒட்டியதாயின், அடுத்த அறையில் உறங்குவோர் உறக்கத்திலேயே உயிர் துறத்தலுங் கூடும். திறந்த கொட்டிலில் இவ்வபாயம் மிகக் குறைவு; எனினும் படுக்கையறைச் சாளரத்தின் அருகே அதனை அமைத்தல் தகாது.

திறந்த கொட்டிலுக்குப் பகை காற்றே. தூண் கூரையைத் தாங்குவதற்கே உள்ளது என்று பலர் எண்ணுவர். பெருங்காற்றில் அது கூரையைப் பறக்கவிடாது இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். கீழே புகுந்த காற்று மேல்நோக்கித் தள்ள, மேலே விரையுங் காற்று உறிஞ்சி இழுக்கும். தகரக் கூரை இலேசானது. ஆணி மட்டும் அறைந்திருந்தால் அது அயலவர் வளவிற்போய் விழும். 1964 மார்கழிச் சூறாவளியையும் 1978 கார்த்திகைச் சூறாவளியையும் கண்ட முதியோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ஆகவே தூணின் அடியைக் கொங்கிறீற்றில் ஆழப் பதித்து, கூரைச் சட்டங்களைத் திருகாணியால் முடுக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பெருமழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குக் காற்றோடு வருவது. அப்பக்கத்தை வீட்டுச் சுவரோ தட்டியோ மறைத்தல் நன்று. மாலை வெயில் நிறத்தையும் றப்பரையும் கெடுப்பதால், மேற்கே தாழ்வாரத்தைச் சற்றுத் தாழ இறக்குக. அகலம் பத்தடியிற் குறையலாகாது. குறைந்தால் கதவைப் பாதி திறந்து நெளிந்தே இறங்கவேண்டும். தென்னையின் கீழ் மட்டும் கொட்டில் அமைக்கற்க. விழுந்தேங்காய்க்குக் கிடுகுந் தடையன்று, தகரமுந் தடையன்று.